அறையில் தனியாக இருக்கிறீர்களா?

ஒருவரோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுவதற்கு, பல்கலைக்கழக நெறிமுறைக் குழு என்னிடம் பதினான்கு பக்கம் எழுதி வாங்கியது. மூன்று முறை திருப்பி வேறு அனுப்பியது. பேசுகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு அறையில் தனியாக இருக்க வேண்டும். ஹெட்போன் கட்டாயம். ஊர்ப் பெயரையோ நிலத்துக்காரர் பெயரையோ நான் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. அந்தக் குழுவில் ஒருவராவது எங்கள் பக்கத்துக் கிராமத்து வீட்டுக்குள் கால் வைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பத்திரம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு நிலம் பிடித்து உழும் பெண்கள், இதுதான் என் ஆய்வு. நேரில் போகலாம். ஆனால் குத்தாலத்து நிலக்காரர் வீட்டுப் பெண் வானதியாகிய நான் ஒரு குத்தகைக்காரி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினால், இறங்குவதற்குள் செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் வீடியோ.

மகளிர் சங்கத்துச் செம்மொழி மூலமாகக் குடவாசல் பக்கத்துப் பூவம்மாள் கிடைத்தார். அவர் வீட்டில் இருப்பது ஒரே அறை. பட்டப்பகலில் ஒரு பெண் கதவைச் சாத்தினால் தெருவுக்குப் பொறுக்குமா? இரண்டு முறை ஆரம்பித்தோம், இரண்டு முறையும் யாரோ வந்து தட்டினார்கள். மூன்றாம் முறை பூவம்மாளே ஒரு வழி கண்டுபிடித்தார். மெட்ராஸ் ஐ வந்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. பதினான்கு பக்கத்தால் ஆகாததை ஒரு பொய் சாதித்தது.

நன்றாகப் பேசினார். புருஷன் போனபிறகு பன்னிரண்டு வருடமாக அவர்தான் சாகுபடி. காகிதத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. போன மாதம் யாருக்கும் தெரியாமல் தாலுக்கா ஆபீசுக்குப் போய், குத்தகைக்காரராகப் பெயரைப் பதிவு செய்ய முடியுமா என்று விசாரித்திருக்கிறார். இது மட்டும் வெளியே தெரிந்தால் நிலம் போய்விடும் என்று இரண்டு முறை சொன்னார். தெரியவே தெரியாது என்று நானும் இரண்டு முறை சத்தியம் செய்தேன். நடுவில் நொச்சித்திடல் வயல் என்று ஒரு பெயர் வந்தது. எங்கள் பக்கம் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் காலை சாதாரண போனில் கூப்பிட்டார். பேச்சில் கோபமே இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. அறுப்பு முடிந்ததும் நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டாராம் நிலத்துக்காரர்.

"ஆபீசுக்குப் போனியாமே, எங்க ஞானாம்பா போன் பண்ணிச் சொல்லுச்சுங்கிறாரு. ஞானாம்பாங்கிறது யாருங்கம்மா?"

ஞானாம்பாள் என் அம்மா. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பூவம்மாள் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஆயிரம் கேள்வி கேட்ட குழு, என் பக்கம் யார் என்று ஒரு வரி கேட்கவில்லை. குழுவைச் சொல்லி என்ன? எனக்கு எங்கே போச்சு புத்தி? இருந்த ஒரே ஹெட்போனை அவருக்கு அனுப்பிவிட்டு, லேப்டாப்பை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டது நான்தான். ஊர்ப் பெயரைக் கேட்காததால் எனக்குத் தெரியவில்லை, பூவம்மாளின் ஊர்தான் அம்மா பிறந்த ஊர். வயல் பெயர் காதில் விழுந்ததுமே அது தன் பெரியப்பா மகன் இளையபெருமாளின் நிலம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போனைக் கையில் பிடித்தபடியே போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் பேசியதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கமில்லையாம். "பாவம், அவ பேருக்கே பதிவு பண்ணிக் குடுத்துடுங்கண்ணே, புண்ணியமாப் போவும்" என்று சிபாரிசு செய்தாளாம். அண்ணன் சரி பார்க்கலாம் என்றாராம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

அத்தனையும் பூவம்மாளுக்குக் கேட்டிருக்கிறது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பன்னெண்டு வருசமா நொச்சித்திடல்ல நான்தான் சாகுபடி பண்றேன்னு உங்களுக்குத் தெரியுங்களாம்மா?"

தெரியாமல் என்ன, ஊருக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேனே என்றாள் அம்மா.

"ஆபீசுல சாட்சி கேக்குறாங்க. ஊர்ல அவருக்குப் பயந்து ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்க வந்து அத மட்டும் சொல்லுவீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் தூங்காதவள்தான், பாவப்பட்டது பொய்யில்லை. "அண்ணனாச்சேடி" என்று என்னிடம் வாய்க்குள்ளேயே சொன்னாள். ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

"அந்தம்மா அங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார் பூவம்மாள்.

"இல்லக்கா," என்றேன். "இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்."