நேராகப் பார்க்காத படம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு இன்ன நேரம், இன்ன இடம் என்பதே கிடையாது. டீயைப் படம் எடுத்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள். சாவு வீட்டில் நின்றுகூட செல்ஃபி எடுக்கிறார்கள். எடுத்ததை ஒருத்தனாவது திரும்பிப் பார்க்கிறானா? தேசப்பனுக்கு அந்தச் சனியன்மேல் நம்பிக்கையே இல்லை.

ஆனால் அவர் பெண்சாதி ரோசம்மாள் ஒரே பிடியாக நின்றாள். கட்டி ஈரல் வரை போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய மறுநாள் ஆரம்பித்தாள்.

"எதுத்தூட்டு கிரேஸு செத்தப்போ கல்யாணப் படத்துலேர்ந்து தலைய மட்டும் வெட்டி, எவளோ பட்டுப்பொடவ கட்ன உடம்புல ஒட்டி போஸ்டர் அட்ச்சானுங்க. எனுக்கு அப்பிடி வாணாம். இப்பவே ஒண்ணு எடு."

"ஸ்டுடியோக்காரன இட்டாறேன்."

"வேத்தாளு முன்னால என் மூஞ்சி இறுகிப்பூடும். நீயே எடு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் அவர் இருபது வருஷம் காவல் இருந்தவர். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாஸ் போட ஆயிரக்கணக்கான முகங்களைப் பிடித்த கை. மகன் இம்மானுவேலின் போனை வாங்கி, அவளைச் சுவரோடு உட்காரவைத்தார்.

"நேரா பாரு. தாடைய தூக்கு. சிரிக்காத."

படத்தைப் பார்த்தாள் ரோசம்மாள். "இன்னாயா, கேட் பாஸா போடற? என்னை எந்தக் கம்பெனிக்கு அனுப்பப்போற?"

இன்னும் மூன்று எடுத்தார். மூன்றும் அதே கதி.

வேறு வழியில்லாமல் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் துளசிராமனிடம் போனார்.

"செவுத்துல ஒட்ட வெக்காத நைனா. ஜன்னலாண்ட ஒக்காரவை, வெளிச்சம் ஒரு பக்கமா உழட்டும். பாரு, சிரினு ஒண்ணும் சொல்லாத. போன புட்ச்சிகினு சும்மா இரு. உன்ன மறந்ததும் அமுக்கு."

"மறக்கறதுக்கா படம் எடுக்கறாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்.

மறுநாள் ஜன்னலோரம் உட்காரவைத்தார். அரை மணி போனது. வாய் தானாக "நேரா..." என்று தொடங்கும், கடித்துக்கொள்வார். கஞ்சியில் உப்பில்லை என்று அவள் ஏசினாள். ஏசி முடித்தாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஆரன் அடித்தது. யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். அமுக்கினார்.

ரோசம்மாள் போனை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"இது நானு. இத்தையே போடு."

படம் எடுத்த ஒன்பதாம் நாள் விடியற்காலை போய்விட்டாள். அவருக்கு அழுகை வரவில்லை. யாரோ கொடுத்த காபியைக் குடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு துளசிராமன் கடைக்கு நடந்தார், போனை நீட்டினார். மதியத்துக்குள் போஸ்டர் வந்துவிட்டது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற எழுத்துக்கு மேலே ரோசம்மாள் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட கீறா மாதிரியே கீறாங்க நைனா. நானே இப்பிடி எடுத்திருக்க மாட்டேன்."

"பாதி மூஞ்சி இருட்டு. எங்கியோ பாக்கறா. இதுல இன்னா கீது?"

"அதான் நைனா படம்."

"போடா."

சுருட்டிய போஸ்டர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் தேசப்பன். அவள் கேட்டாள், போடுகிறார், அவ்வளவுதான். வெயிலில் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார்.