மூன்றெழுத்துப் பசை

புகைபோக்கிக் குழாய் வாங்கியதில் தங்கையா ஏமாறவில்லை. அதைக் கேட்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், சொல்லிக்கொண்டிருந்தான். புதுக்கோட்டையிலிருந்து மலாக்காவுக்கு வந்து மாமியார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளைக்குப் பீற்றிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

பத்து பெரண்டாம் என்ற ஊரில் அந்த வீட்டின் பின்கொட்டகையில்தான் அவன் மனைவி ராகினியின் முறுக்கு வியாபாரம். விறகடுப்பு முறுக்கு என்றால் தீபாவளிக்கு ஆர்டர் குவியும். நியாலாஸ் தோட்டத்திலிருந்து ரப்பர் விறகு வந்து இறங்கிவிடும். புகையைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். துத்தநாகம் பூசிய குழாய் சூடேறினால் பூச்சே நஞ்சாகக் கிளம்பும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயாகவே வாங்கினான். மேல்குழாயின் நுனி கீழ்க்குழாய்க்குள் இறங்கும்படி பொருத்தினான். புகையின் தார் வழிந்தாலும் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழும்.

மிச்சம் இருந்தது இணைப்புகளை அடைக்கும் பசை. ஹார்ட்வேர் கடை அலமாரியில் ஒரு டியூப். 'தாஹான்' என்று போட்டிருந்தது. மலாயில் 'தாங்கும்' என்று அர்த்தம். அவ்வளவு மலாய் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஏ, ஐ, ஆர். காற்றைத் தாங்கும் பசை! யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மாப்பிள்ளை கெத்து என்னாவது?

மழைக்காலம் தொடங்கியது. ஈரக்காற்று பட்டால் முறுக்கு நமுத்துப்போகும் என்று ராகினி கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு சுட்டாள். வெளியே வரும்போது தலை சுற்றியது. ஒருநாள் வாந்தியும் எடுத்தாள்.

மாமியார் ஜானகிக்கு வாயெல்லாம் பல். "மாப்ள, மாங்கா வாங்கிட்டு வாங்க! முழுகாம இருக்கா!"

"இன்னும் டெஸ்ட்டே பண்ணலம்மா," என்றாள் ராகினி. "அடுப்ப விட்டு வந்தா சரியாயிடுது."

"மசக்கை அப்படித்தான் லா, வந்து வந்து போகும். பெத்தவளுக்கே பாடமா?"

தங்கையா மாங்காய் வாங்கினான். குழாய் இணைப்பில் பசை கறுத்துச் சுருண்டிருந்ததைப் பார்த்தான். அடுப்பென்றால் கறுக்காதா என்று விட்டுவிட்டான். கொட்டகையிலேயே படுத்துக்கிடக்கும் பூனை அடுப்புப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தது. "இதுக்கும் மசக்கையா?" என்று கேட்டு, அவனே சிரித்துக்கொண்டான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் சாப்பாடு கட்டிவர சிவசாமி அண்ணன் கடைக்குப் போனான். அங்கே ஓயாமல் கேட்கும் குரல் 'ஆயர் சுவாம்'. வந்த புதிதில் யாரோ ஐயர் சுவாமியைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவன் அவன். பிறகு அது வெந்நீர் என்று புரிந்து தினமும் குடித்தான். எழுத்தில் மட்டும் பார்த்ததில்லை. இன்று சுவரில் புதிய பலகை: ஏ, ஐ, ஆர், பக்கத்தில் சுவாம்.

"அண்ணே, வெந்நீருக்கு ஏன் ஏர்னு எழுதி வச்சிருக்கீங்க? காத்தா விக்கிறீங்க?"

"ஏர் இல்ல தம்பி, ஆயர். மலாயில தண்ணி. என்னா லா நீ, தெனம் குடிக்கிற, படிக்கத் தெரியாதா?"

கடையே சிரித்தது. தங்கையாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

தண்ணீரைத் தாங்கும் பசை. குளியலறைக்குப் பூசுவது. நெருப்பைத் தாங்காது. விறகு கனலான பிறகு வரும் நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது, வாசனை இருக்காது, ஆளை மட்டும் சாய்க்கும் என்று அதே வீடியோவில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். குழாய்க் கதை முடிந்ததே என்று அவன்தான் நிறுத்திவிட்டான்.

ராகினிக்குப் போன் அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை.

பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது ஜானகி கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். "மெதுவா மாப்ள. கொட்டகையில சத்தமே இல்ல, தூங்குறா போல. புள்ளத்தாச்சிய எழுப்பாதீங்க."

கதவைத் தள்ளினான். உள்ளே துளிப் புகையில்லை. அடுப்பில் கனல் மட்டும் அழகாகச் சிவந்திருந்தது. ராகினி சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் முறுக்கு அச்சு.

மழைக்குள் இழுத்துப் போட்டான். கன்னத்தைத் தட்டினான். கூப்பிட்டான். வெகுநேரம் கழித்து இமை அசைந்தது.

"என்னங்க... கதவ சாத்துங்க... முறுக்கு நமுத்துடும்..."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் காரின் கண்ணாடிகளை இறக்கியே வைத்திருந்தான். மழை உள்ளே அடித்தது. பின்சீட்டில் மகளை மடியில் கிடத்தி, "முருகா, வயித்துல உள்ளதயும் காப்பாத்து," என்று ஜானகி அரற்றிக்கொண்டே வந்தார்.

மாமியார் வாக்குப் பொய்யாக வேண்டும் என்று தங்கையா எத்தனையோ முறை வேண்டியிருக்கிறான். அழுதுகொண்டே வேண்டியது இதுதான் முதல் தடவை.