கொக்கின் மேல் ஒரு கட்டைவிரல்

நாணயங்களுக்குத் தரம் போடுவது அவன் தொழில். கையுறை இல்லாமல் நாணயத்தைத் தொடுகிறவனை அவன் மனுஷனாகவே மதிப்பதில்லை. மச்சான் நீட்டிய கொரிய நாணயத் தொகுப்பில், ஐந்நூறு வொன் நாணயத்தில் பொறித்திருந்த கொக்கின்மேல் விரல் ரேகை கருத்துக் கிடந்தது. அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எந்தக் கழுதை வேலை இது?"

"எல்லாம் உன் அருமை மருமகதான் மாப்ளே. முதுகுல ரெண்டு வச்சேன். அதுலேருந்து இந்த அலமாரி பக்கமே வர்றதில்ல."

"நல்லா வேணும்," என்றபடி லென்ஸைக் கண்ணில் வைத்தான்.

ரேகையின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. சின்ன வயதில் பிளேடு கிழித்த அவன் கட்டைவிரலின் தழும்பு அது. போன வருடம் மச்சான் வெளியூர் போயிருந்தபோது, ஆசை அடங்காமல் உறையைப் பிரித்து வெறுங்கையால் எடுத்துப் பார்த்திருந்தான். தொட்ட அன்று ஒன்றும் தெரியாது, மாதங்கள் போனபின்தான் ரேகை கருத்து எழும். ஊருக்கெல்லாம் அவன் சொல்லும் பாடம்தான்.

"தரம் ஒரு படி குறையும்," என்றான்.

சாப்பிடக் கூப்பிட வந்த மருமகள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"தொட மாட்டேன் மாமா. பாக்க மட்டும் செய்யட்டுமா?"

லென்ஸைக் கொடுத்தான். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல குறுக்க ஒரு கோடு இருக்கு. என் விரல்ல இல்லையே."

மச்சான் மகளின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேஜைமேல் கிடந்த கையுறையை அவன் அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டான்.