படியேறி வந்த பூங்கா

தையல்காரம்மாவின் மூன்றாவது மாடி வீட்டுக்கு நகரப் பூங்கா படியேறி வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. கதவிடுக்கு வழியாக முதலில் புல் வந்தது. பின்னால் மரங்கள், கல்யாண வீட்டு நெரிசலில் நுழையும் பெரிய மனிதர்களைப் போலக் கிளைகளை ஒடுக்கிக்கொண்டு வந்தன. பிறகு பெஞ்சுகள், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களோடு. குளத்தைத்தான் லிஃப்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

வரவழைத்தவர் அவள் கணவர். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து வேலை போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், இரண்டு வருடமாகத் திரும்பவேயில்லை. ரத்த அழுத்தம் ஏறியது, தூக்கம் போனது, பேச்சு வற்றியது. தையல்காரம்மா மெஷினைக் கட்டில் பக்கமே இழுத்துப் போட்டு, காலால் மிதித்துக்கொண்டே காதை அவர் மூச்சில் வைத்திருந்தாள். கடைசியில் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: “மாத்திரை எழுதியே என் கை ஓஞ்சுபோச்சும்மா. தினமும் கொஞ்ச நேரம் மரத்தடியில உக்கார வைங்க. அதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்ல.”

அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள். அவர் சுவரிடம் சொன்னார்: “நான் வரமாட்டேன். அவ்ளோ அக்கறை இருந்தா அந்தப் பூங்கா இங்க வரட்டும்.”

ஜன்னல் திறந்திருந்தது. பூங்காவுக்குக் காது கேட்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

“என்னங்க, வந்துடுச்சுங்க!” என்று அவள் கத்திய கத்தலில் மனிதர் திரும்பிவிட்டார். காலைக் கீழே வைத்தார். புல் சில்லென்றிருந்தது. கால்விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்று அவர் விட்ட குறட்டையைக் கச்சேரி கேட்பதுபோல் உட்கார்ந்து கேட்டாள் அவள். ஒரே வாரத்தில் ரத்த அழுத்தம் இறங்கியது. யாரிடமும் சொல்லாமல் அவள் சுமந்திருந்த முதுகுவலியும் போன இடம் தெரியவில்லை. கூரையில் வேர் தொங்குகிறது என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டுப் ‘புகார்ப்பெட்டி’, சற்று மூச்சு வாங்கப் பெஞ்சில் உட்கார்ந்தவர், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து இருட்டியபின் வீடு போனார்.

ஆனால் ஊர் வாடியது. பூங்கா இருந்த இடம் வெறும் மண். பிள்ளைகள் சிணுங்கின, புருஷன் பெண்டாட்டிகள் உப்புப் பெறாத விஷயத்துக்கு முறைத்துக்கொண்டார்கள், டாக்டரம்மாவின் வாசல் வரிசை தெருமுனையைத் தாண்டியது. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி இழுத்தும் ஒரு புல்கூட அசையவில்லை.

டாக்டரம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “உங்க வீட்டுக்காரர் பிழைச்சார், சந்தோஷம். இப்ப ஊருக்கே மூச்சு முட்டுதும்மா.”

கூப்பிட்டவர் போனால்தான் அது போகும் என்று தையல்காரம்மாவுக்குப் புரிந்தது. அது போய்விட்டால் இவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரே என்றும் பயந்தாள். ஒருநாள் முழுக்கக் கதவைச் சாத்தியே வைத்தாள். கீழே தெருவில் குழந்தைகள் அழுவது மூடிய கதவைத் தாண்டி வந்தது. மறுநாள் அவருடைய செருப்பைத் தூசி தட்டி அவர் காலடியில் வைத்தாள்.

“இதக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரணுங்க. நானும் வரேன்.”

அவர் செருப்பையே பார்த்தார். அவள் வாய் என்ன சொல்கிறது என்று தெரியாமலே கத்தினாள்: “போலாம், ரைட்!”

ஓட்டுநர் எழுந்துவிட்டார். “எல்லாரும் ஏறியாச்சா?” என்று ஒரு அதட்டல். படியிறங்கினார். பின்னாலேயே புல், மரங்கள், பெஞ்சுகள், தளும்பத் தளும்பக் குளம். கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், பேருந்துகள் ஹாரன் அடித்தன, போக்குவரத்துக் காவலர் விசில் வாயோடு சல்யூட் வைத்தார். கழுத்தில் அளவு நாடா பறக்க, தையல்காரம்மா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கூடவே ஓடினாள். தெரு முழுக்க ஈரமண் வாசனை.

பூங்கா பழைய இடத்தில் அமர்ந்தது. ஆனால் ஊர்சுற்றிப் பார்த்த கால் சும்மா இருக்குமா? வாசலில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது: ‘திங்கட்கிழமை விடுமுறை. பூங்கா, படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போயிருக்கிறது.’ முன்னால் ஓட்டுநர் நடப்பார், பக்கத்தில் அவர் மனைவி. திங்கட்கிழமைகளில் தைத்த துணி கேட்டு யாரும் அவள் கதவைத் தட்டுவதில்லை.