சாமிக்கு நேர்ந்த கல்

எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும். வேண்டியதை மட்டும் கேட்கும், அதுதான் தொந்தரவு.

என் தம்பி நமசிவாயம் வடகரைச் சிவன் கோவிலுக்கு வெள்ளிக் கவசம் செய்து போட்ட நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்து வல்லிநாயகம் என்ன செய்யப்போகிறார் என்று இவரைப் பற்றி ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்பதாக இவரே நினைத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர், அங்கே தங்கியிருந்த பாறை ஆராய்ச்சி அதிகாரி சங்கரநாராயணனைக் கையோடு கூட்டிவந்தார். எங்கள் வயலுக்கு மேற்கே ஒரு பொத்தை உண்டு, சின்னப் பாறைக்குன்று. அதில் கரும்பாறைக்கு நடுவே ஆள் அகலத்துக்கு வெளுப்பாக ஒரு பட்டை ஓடும். அதிகாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது பூமிக்கு அடியில இருந்து பாறை வெடிப்புக்குள்ள ஏறுன குழம்பு. ஓரம் சட்டுன்னு ஆறிட்டு, அதான் பொடிக்கல்லா இருக்கு. அடுத்தாப்ல காக்காப்பொன் தகடு, மைக்காம்பாங்களே அது. அதுக்கும் உள்ள, சிவப்பா கை அகலத்துக்கு ஃபெல்ஸ்பார்ங்கிற கல்லு. நட்டநடுவுல வெங்கச்சங்கல், ஸ்படிகத்தோட சாதிதான். கடைசியா மிஞ்சுன தண்ணியும் ஆவியும் தங்குன பொந்து எங்கயாவது இருந்தா, அதுக்குள்ள கண்ணாடி மாதிரி படிகம் வளர்ந்து நிக்கும். இருந்தா. தோண்டுனா உளி வச்சு மெல்லத் தோண்டணும்."

'இருந்தா' இவர் காதில் விழவில்லை. 'மெல்ல'வும் விழவில்லை.

மறுநாளே கோவிலில், என் தம்பியும் நிற்கும்போது, ஆவணிக் கும்பாபிஷேகத்துக்குள் தன் சொந்தப் பொத்தையிலிருந்து ஸ்படிக லிங்கம் தருவதாகச் சொல்லிவிட்டார். கூட்டம் கைகூப்பியது. எனக்கும் அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை, இல்லையென்று சொல்லமாட்டேன்.

கல்லுடைக்கிற பலவேசம் நாள்கணக்கில் உளியால் கொத்தினான். காக்காப்பொன் கழிந்தது, சிவப்புக்கல் கழிந்தது, வெங்கச்சங்கல் வந்தது. பால் வெள்ளையாக, உடம்பெல்லாம் விரிசலாக இருந்தது. லிங்கத்துக்கு ஆகாது. அதற்குள் ஆவணியும் பிறந்துவிட்டது.

"வேட்டு வையிலே" என்றார் இவர்.

"மெல்லத் தோண்டணும்னு அந்த சார் சொன்னாரே" என்றேன்.

"அவருக்கென்னட்டி, அவரா கோயில்ல வாக்குக் குடுத்தாரு?"

புகை அடங்கியதும் போய்ப் பார்த்தோம். குடம் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து திறந்திருந்தது. உள்ளே ஈரக் களிமண். அதில் எங்கே கை வைத்தாலும் சில்லு. ஒன்றைக் கழுவிப் பிடித்தேன், அதற்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. முழுசாக ஒன்றுகூட இல்லை.

அதிகாரி வந்து இரண்டு சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். "முழங்கை நீளத்துக்கு நின்னுருக்கும் அண்ணாச்சி" என்றார். இவரோ பலவேசத்தைக் காட்டி, "பயல் வெடிமருந்தைக் கூட்டி வச்சுட்டான்" என்றார். பலவேசம் தலையைக் குனிந்துகொண்டான். கல் போனதைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு மானக்கேடாக இருந்தது.

கும்பாபிஷேகத்தன்று இவர் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளுகுளுவென்று இருந்தது. தம்பி பிரசாதத்தோடு வந்தான். லிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் போனானே என்று அடுக்களையில் நின்று அழுதேன்.

ஐப்பசி மழை பொத்தையில் அடித்து, ஓடை வழியாக எங்கள் வயலுக்குள் இறங்கியது. நடவன்று நானும் இவரும் வரப்பில் நின்றோம். நட்டுக்கொண்டிருந்த முத்துவடிவு சட்டென்று காலைத் தூக்கிக் குதிகாலிலிருந்து எதையோ பிடுங்கினாள். சேற்றோடு ரத்தம் வடிந்தது. பிடுங்கியதைத் தண்ணீரில் அலசிக்கொண்டு நொண்டியபடி என்னிடம் வந்தாள். மடியை அவிழ்த்தாள். அதில் இன்னும் ஒரு கை சில்லு இருந்தது.

"ஆச்சி, காலைலேருந்து எல்லாரு கால்லயும் ஏறுது. சாமிக்கு நேர்ந்த கல்லுல்லா, மிதிக்கலாமா? அதான் பொறுக்கி வச்சோம். கோயில்ல சேர்த்துருங்க. தெரியாம மிதிச்சுட்டோம், சாமி மன்னிக்கணும்."

இரண்டு கையாலும் நீட்டினாள். அதில் கேலி துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் வாய்க்கு வாய் கொடுத்திருப்பேன்.

இவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். வேட்டியை ஏற்றிக் கட்டினார். பிறந்ததிலிருந்து சேற்றில் கால் வைக்காத மனிதர் வயலுக்குள் இறங்கினார். இன்னும் நடாத பக்கம் போய், பெண்கள் அடுத்து வரவேண்டிய இடத்தை அடிமேல் அடியாக அழுத்தி மிதித்துக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார், குனிந்து உள்ளங்காலில் கை வைத்தார். எடுத்ததை மடியில் போட்டுக்கொண்டு மறுபடியும் மிதித்தார்.

ஏறி வாங்க என்று நான் கூப்பிடவில்லை.