டாக்டர் எழுதிய இரண்டு கடிதங்கள்

நான்கு மாதமாக வெங்கடேஸ்வரிக்குக் காலையில் கைவிரல்கள் வீங்கி மடங்குவதில்லை. ராஜபாளையத்து மில்லுக்கு அடிக்கடி லீவு போட்டாள். நடிக்கிறாள் என்றான் புருஷன் பாண்டிதுரை.

ஒரு நாள் சோழபுரத்து வீட்டில் கொதிக்கிற உலை அவள் கை நழுவி அவன் காலில் கொட்டியது.

"ஏட்டி, இப்ப மடக்கு பாப்போம்" என்று அவள் வலது கையைப் பிடித்து விரல்களை உள்ளங்கைக்குள் முறுக்கி நெரித்தான். சுண்டுவிரல் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

வழக்கமாக வலி மாத்திரை தரும் டாக்டர் ஞானபாக்கியம் இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்தார். முறிவு ஒரு விரலில்தான். ஆனால் மற்ற மூட்டுகளின் ஓரங்களும் அரித்திருந்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்கிறது, மாத்திரை வலியை அடக்குமே தவிர இதை நிறுத்தாது என்றார். நிறுத்துகிற மருந்து ஈரலைக் கெடுக்கலாம்; ரத்தம் பார்த்துப் பார்த்து அளவு மாற்ற வேண்டும். அதற்கென்றே படித்த நிபுணர் வியாழக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார்.

"இனியும் நானே வச்சுப் பாத்தா உன் கை போயிரும்மா."

அந்த நிபுணருக்கு ஒரு கடிதமும், முறிந்த விரலைப் பற்றிப் போலீசுக்கு ஒன்றும் எழுதினார்.

வெளியே நின்ற பாண்டிதுரை உள்ளே வந்து இரண்டையும் கிழித்தான். டாக்டரம்மா கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறாள் என்று கத்தி டாக்டரை அறைந்தான். அவர் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. வெங்கடேஸ்வரியின் மயிரைப் பிடித்து இழுத்தபோது அவள் தலை கதவு நிலையில் மோதியது. கையால் ஒன்றும் ஆகாதென்று அவளுக்குத் தெரியும். முழங்கையால் அவன் தொண்டையில் இடித்தாள். அவன் சரிந்தான். கம்பவுண்டர் மாரிச்சாமியும் காத்திருந்தவர்களும் அவனை அமுக்கி, உதடு கிழியும்வரை மிதித்தார்கள். டாக்டர்தான் தடுத்தார். பிறகு புருவத்தில் பஞ்சை அழுத்தியபடி இரண்டு கடிதத்தையும் திரும்ப எழுதினார்.

அண்ணன் சதீஷ் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனான். அந்த மருந்து தொடங்கிய ஐந்தாவது மாதம் வீக்கம் வடிந்தது. சுண்டுவிரல் மட்டும் கோணலாகவே சேர்ந்தது.

போலீஸ் வழக்குப் போட்டது. கோர்ட்டில் பாண்டிதுரையின் வக்கீல், நோயால்தான் விரல் முறிந்தது என்றார். நிபுணர் எக்ஸ்ரேயை நீதிபதியிடம் காட்டினார்.

"நோய் அரிக்கும். இது முறுக்கினது."

பாண்டிதுரைக்கு இரண்டு வருஷம் தண்டனை கிடைத்தது. வெங்கடேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் முழுசாகப் போகவில்லை என்று பஸ்ஸில் அண்ணனிடம் சொன்னாள்.