கணிதப் பாஸ் இல்லாதவர்கள்

சுஜாந்தியின் பெறுபேற்றுத் தாளைக் கல்லூரிப் பணிப்பாளர் ஃபாஹிம் ஒரு தடவைதான் பார்த்தார்.

"கணிதம் ஃபெயில். இந்த வருஷத்திலயிருந்து சாதாரண தரப் பரீட்சையில கணிதம் பாஸ் இல்லாதவங்கள எடுக்க ஏலாது தங்கச்சி."

சுஜாந்தி குறிஞ்சிப்பிட்டியிலிருந்து பஸ் பிடித்துப் புத்தளம் டவுனுக்கு வந்திருந்தாள். கண்டக்குழியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலை அவளுக்கு. கணக்கியல் டிப்ளோமா இருந்தால் அலுவலகத்தில் உட்கார வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"இது எல்லாரையும் எடுக்கிற கொலீச் எண்டுதானே எங்கட ஊரில சொல்றவங்க," என்றாள்.

ஃபாஹிமின் பக்கத்தில் விரிவுரையாளர் சுதர்சினி இருந்தாள். இப்படியொரு விதி வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது. சுஜாந்தி தாளை மடித்து ஹேண்ட்பேக்குக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தது சேர் இந்த விதி?"

"முந்தநாள் கல்லூரிச் சபைக் கூட்டத்தில. உங்களுக்கும் சேர்க்குலர் வரும்."

அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டதே கணிதம் பாஸாகாதவர்களுக்காகத்தான். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இனாஸ் மாஸ்டர், கரைத்தீவுப் பக்கத்து அகதி முகாம்களில் பரீட்சை எழுதாமலே வளர்ந்துவிட்ட இளைஞர்களைப் பார்த்துவிட்டு, டவுனில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பள்ளிவாசல் உட்கார வாங்குகள் கொடுத்தது. கரும்பலகை கோவில் சுவாமியார் அனுப்பியது. வருகிறவர்களிடம் மாஸ்டர் கேட்டது படிக்க விருப்பமா என்பது மட்டும்தான். பிறகு கற்பிட்டிக் கரையிலிருந்து கத்தோலிக்கப் பிள்ளைகள் வந்தார்கள், உடப்பிலிருந்தும் வந்தார்கள்.

சுதர்சினியும் அப்படி வந்தவள்தான். கணிதத்தில் ஃபெயிலாகி வீட்டோடு இருந்தவளைக் கேட்டு மாஸ்டரே கண்டக்குழிக் கடற்கரைக்கு வந்தார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் அப்பா பஸ்தியானின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, "புள்ளய அனுப்புங்க, கணக்க நான் பாத்துக்கிறன்," என்றார். அங்கேதான் அவள் கணிதம் பாஸானாள். பட்டம் வரை போனாள்.

மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் சபையின் தலைவர் அவர்தான். அவர் வராத கூட்டத்தில் ஃபாஹிம் செய்திருப்பார் என்றுதான் சுதர்சினி நினைத்தாள். பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனாள். மாஸ்டரின் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். சுதர்சினி அதைத் தொடாமல் நடந்ததைச் சொன்னாள்.

மாஸ்டர் கடைசி வரை கேட்டார்.

"ஃபாஹிம்ல கோவிக்காதீங்க. அந்த விதிய எழுதினது நான்."

தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று சுதர்சினி, "நீங்களா சேர்?" என்றாள்.

"ஓம். ஸஜீத ஞாபகமா? கரைத்தீவுப் பொடியன், நீங்க படிப்பிச்ச கிளாஸில இருந்தவன். நம்மட டிப்ளோமாவ எடுத்துக்கிட்டு கட்டாருக்குப் போனான். அங்க அத ஒருத்தரும் ஏத்துக்கல்ல. சிமெந்து மூட்ட தூக்கி முதுகு போய் வந்திரிக்கான். போன மாசம் இந்தக் கதிரையில இருந்துதான் கேட்டான், ஏன் சேர் என்னய ரெண்டு வருஷம் ஏமாத்தினீங்க எண்டு."

மாஸ்டரே தொடர்ந்தார்.

"டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் வேணுமெண்டா சேர்ற புள்ளைக்குக் கணிதம் இருக்கோணுமாம். இல்லாட்டி நாம குடுக்கிறது வெறும் கடுதாசி. இன்னொரு புள்ள வந்து என்னட்ட அப்பிடிக் கேக்கக் கூடாது."

ஸஜீத் ஊருக்குத் திரும்பியதே சுதர்சினிக்குத் தெரியாது. பின்வாங்கில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கும் முகம்தான் அவள் மனதில் இருந்தது. அவனுக்காக அழுவதா, இவரோடு சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் இருந்தாள்.

"அப்ப என்னய மாதிரி ஆக்கள் எங்க போறது சேர்? நீங்க என்னக் கூட்டிக்கொண்டு வந்து கணிதம் படிப்பிச்சீங்க. அந்த வகுப்பு எங்க?"

"அது நிண்டு கனகாலம். மாஸ்டர்மார் கிடைக்கல்ல. அறையையும் கம்பியூட்டருக்கு எடுத்தாச்சு."

"வகுப்ப நிப்பாட்டிப்போட்டுப் பாஸ் கேக்கிறது நியாயமா?"

தன் வாழ்நாளில் மாஸ்டரிடம் இப்படிக் குரல் உயர்த்துவோம் என்று அவள் நினைத்ததில்லை. போய்வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் படியிறங்கினாள்.

மறுநாள் ஃபாஹிமிடம் போய், சனிக்கிழமைகளில் நூலகத்தைத் தரும்படி கேட்டாள். சாதாரண தரக் கணித வகுப்பு, சம்பளம் வேண்டாம் என்றாள். ஃபாஹிம் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, வைத்துவிட்டு நூலகக் கதவின் திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

சுஜாந்தியை அழைத்தபோது அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"திருப்பியும் ஃபெயிலானா என்ன மிஸ் செய்றது?"

"திருப்பியும் எழுதுவம்," என்றாள் சுதர்சினி.

முதல் சனிக்கிழமை சுஜாந்தியும் உடப்பிலிருந்து கிரிசாந்த் என்றொருவனும் வந்தார்கள். போகப்போக வாங்குகள் நிறைந்தன. சில சனிக்கிழமைகள் கழித்து இனாஸ் மாஸ்டரும் ஓட்டோவில் வந்து இறங்கினார். யாரிடமும் எதுவும் பேசாமல் பின்னக் கணக்கில் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

சுஜாந்தி முதல் தடவை ஃபெயிலானாள். அடுத்த தடவை சாதாரணச் சித்தியோடு பாஸானாள். கணக்கியலில் சேர்ந்துவிட்டாள். விதி அப்படியே இருக்கிறது, அங்கீகாரத்துக்கு விண்ணப்பமும் போயிருக்கிறது.

சுதர்சினியும் மாஸ்டரும் ஒரே அறையில் படிப்பிக்கிறார்கள். கணக்கைப் பற்றிக் கதைப்பார்கள், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பார்கள். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.